அச்சத்தின் ஐந்தாம் நிலைக்களன்: ஜப்பானியத் திரையின் பேருருக்கள்

தோற்றுவாய்

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அவற்றை அவர் வகுத்துரைக்கின்றார். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சக்திகளும், கொல்லும் விலங்குகளும், பொருளையும் உயிரையும் கவரும் கள்வரும், ஒறுக்கும் அரசும் பண்டை மாந்தரை அஞ்சச் செய்தன. இருபதாம் நூற்றாண்டு இந்நான்கோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தது. மனிதன் தன் அறிவாலும் கையாலும் ஆக்கிய பொருளே அவனை நடுங்கச் செய்யும் நிலை அந்நூற்றாண்டில் தோன்றியது. அந்த ஐந்தாம் அச்சத்திற்குத் திரையில் உருக்கொடுத்தவர்களுள் ஜப்பானியர் தலையாயவர் எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பகுதியில் ஜப்பானின் பெயர் புதியதன்று. நிசான் நிறுவனம் ரெனோவுடன் கூட்டாக 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் மகிழுந்து ஆலையைத் தொடங்கியது. கோமாட்சுவின் கனரக எந்திர ஆலையும் ஒரகடத்தில் அமைந்தது. யமஹாவின் இருசக்கர ஊர்தி ஆலை வல்லம் வடகாலில் எழுந்தது. இவ்வாலைகளில் பயிற்சி பெறும் நம் இளைஞர் முதல் வாரத்திலேயே ‘கைசன்’ என்னும் ஜப்பானியச் சொல்லைக் கற்றுக்கொள்கின்றனர். இடைவிடாது மேம்படுத்துதல் என்பது அதன் பொருள். ஒலியில் அதனை ஒத்த ‘கைஜூ’ என்னும் சொல்லை அவர்களுள் பலர் அறிந்திரார். ‘விந்தை விலங்கு’ எனப் பொருள்படும் அச்சொல், ஜப்பானியத் திரையில் உலவும் பேருருவிலங்குகளைக் குறிப்பது. ஜப்பானின் தொழில் வளத்தை ஒரு சொல் காட்டுமாயின், அவ்வளத்தின் நிழலை மற்றொரு சொல் காட்டுகின்றது. இரண்டையும் சேர்த்தறிவதே முழுமையான கல்வியாகும்.

யானையும் கோஜிராவும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், தோக்கியோவின் உவேனோ உயிரியல் பூங்காவில் இருந்த மூன்று யானைகளும் உணவு மறுக்கப்பட்டு மாய்ந்தன. குண்டு வீச்சில் கூண்டுகள் உடைந்து விலங்குகள் நகரினுள் புகுந்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. போருக்குப் பின் ஜப்பானியக் குழந்தைகள் ஒரு யானை வேண்டுமென்று இந்தியப் பிரதமர் நேருவுக்கு மடல்கள் எழுதினர். 1949இல் ‘இந்திரா’ என்னும் யானை கடல் கடந்து தோக்கியோ சென்றடைந்தது. பெரிய விலங்கொன்றை அன்போடு காண அந்நகரக் குழந்தைகள் திரண்டனர். ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் அதே நகருக்கு மற்றொரு பெரிய விலங்கு வந்தது. அது திரையில் வந்தது.

அதன் வரவுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியே வித்தாயிற்று. 1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவுகளில் அமெரிக்கா ஒரு நீரகக் குண்டை வெடித்துச் சோதித்தது. கிரோசிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றலுடையது அக்குண்டு. அறிவிக்கப்பட்ட தடை எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் மழையெனப் பெய்தது. ‘நற்பேற்று நாகம்’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட அப்படகில் இருந்த 23 மீனவரும் கதிரியக்க நோய்க்கு ஆளாயினர். படகின் வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா அவ்வாண்டு செப்டம்பர் 23இல் உயிர்நீத்தார். சந்தைக்கு வந்த மீனை வாங்க மக்கள் அஞ்சினர். தோக்கியோவின் சுகினாமிப் பகுதி மகளிர் குண்டுச் சோதனைகளுக்கு எதிராகத் தொடங்கிய கையொப்ப இயக்கம் நாடெங்கும் பரவி மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்றது. இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டுமென்று 1954 ஏப்ரல் 2ஆம் நாள் நம் நாடாளுமன்றத்தில் நேரு வேண்டுகோள் விடுத்தார்.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் தோஹோ நிறுவனம் ‘கோஜிரா’ என்னும் படத்தை வெளியிட்டது. உலகம் இன்று ‘காட்சில்லா’ என அழைக்கும் பேருரு அதுவே. கொரில்லாவைக் குறிக்கும் ‘கோரிரா’, திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ ஆகிய இரு சொற்களும் இணைந்து பிறந்தது அப்பெயர். கடலடியில் உறைந்திருந்த தொன்மையான உயிரொன்று நீரகக் குண்டுச் சோதனையால் இருப்பிடம் இழந்து, கதிரியக்கத்தை உடலில் ஏற்று, தோக்கியோவை மிதித்தழிப்பதே கதை. படம் ஒரு கப்பல் கடலில் எரிந்து மூழ்கும் காட்சியுடன் தொடங்குகின்றது. எட்டுத் திங்களுக்கு முன் நடந்ததை எண்ணாமல் அக்காட்சியைக் கண்ட ஜப்பானியர் இருந்திருக்க இயலாது.

படைத்தவர்களும் படைத்த முறையும்

தயாரிப்பாளர் தோமோயுகி தனகா. இயக்குநர் இஷிரோ ஹோண்டா. ஹோண்டா போர்வீரராகச் சீனத்தில் பணியாற்றி, 1946இல் தாயகம் திரும்பும் வழியில் கிரோசிமாவின் சாம்பல் மேட்டைக் கண்டவர். ஆகவே அவருடைய படத்தில் அழிவு கேளிக்கையாக அமையவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்ட காயமுற்றோர், கதிரியக்க அளவியின்முன் நிறுத்தப்படும் சிறுமி, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விரைவில் தந்தையிடம் சேர்ந்துவிடுவோம் என ஆறுதல் கூறும் தாய் ஆகியோரைக் காட்டி, விலங்கைவிட மனிதர் துயரையே அவர் முன்னிறுத்தினார்.

நுட்பக் கலைஞர் எய்ஜி சுபுராயா கையாண்ட முறையும் அறியத்தக்கது. அமெரிக்கப் படமாகிய ‘கிங் காங்’ (1933) சிறு பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடித்தது. அதற்குரிய காலமும் பொருளும் ஜப்பானியரிடம் இல்லை. எனவே ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள உடையொன்றைச் செய்து, அதனுள் ஹருவோ நகாஜிமா என்னும் நடிகரை நுழைத்து, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைத்த தோக்கியோவின்மேல் நடக்கவிட்டனர். விரைவோட்டத்தில் படம் பிடித்து இயல்பான ஓட்டத்தில் காட்டியபோது அந்நடை மலை நகர்வதுபோல் தோன்றியது. பேருருவின் முழக்கத்தை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பெரிய தந்திக் கருவியின் தளர்த்திய நரம்புகளைப் பிசின் தடவிய தோலுறையால் இழுத்து உருவாக்கினார். இல்லாமையைக் கற்பனையால் நிரப்பிய இப்படத்தை ஜப்பானில் ஏறத்தாழ 96 இலட்சம் மக்கள் கண்டனர்.

கதையின் முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேருருவை அழிக்கவல்ல பொருளைக் கண்டறிந்தவர் செரிசாவா என்னும் அறிஞர். அதனைப் பயன்படுத்தினால் அரசுகள் அதையும் ஒரு போர்க்கருவியாக்கிவிடும் என அவர் அஞ்சுகின்றார். தம் குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலடியில் அப்பொருளை இயக்கி, அவ்வறிவு பிறர்க்குச் செல்லாவண்ணம் தாமும் அங்கேயே மாய்கின்றார். தாம் ஆக்கிய பொருளுக்குத் தாமே பொறுப்பேற்கும் அறிஞரின் படிமம் இது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பேருரு எழக்கூடும் என்று முதிய ஆய்வாளர் கவலையுறுவதோடு படம் முடிகின்றது.

இப்படம் 1956இல் அமெரிக்காவில் வெளியானபோது பல பகுதிகள் நீக்கப்பட்டன. ரேமண்ட் பர் என்னும் நடிகர் செய்தியாளராகப் புதிதாகச் சேர்க்கப்பட்டார். குண்டுச் சோதனை பற்றிய கூர்மையான குறிப்புகள் மழுங்கின. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகக் காட்டப்பட 2004ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. பேருருவை ஆக்கியவர் யார் என்னும் வினாவை நீக்கிவிட்டால் எஞ்சுவது கட்டடங்கள் சரியும் வேடிக்கை மட்டுமே. குண்டு வெடித்த நாட்டில் அவ்வினா மங்கியது தற்செயல் என்று கருதுவதற்கில்லை.

தில்லிக்கு வந்த எழுத்தாளர்

1961இல் வெளிவந்த ‘மோத்ரா’ வேறு வகைப் பேருருவைக் காட்டியது. குண்டுச் சோதனைக்கு ஆளான ஒரு தீவிலிருந்து இரு சிறுமேனிப் பெண்களை வெளிநாட்டு வணிகன் ஒருவன் கவர்ந்து சென்று, மேடையில் பாடவைத்துப் பொருள் ஈட்டுகின்றான். அவர்களை மீட்க மாபெரும் அந்துப்பூச்சி கடல் கடந்து வருகின்றது. படைக்கலங்களால் அதனை வெல்ல இயலவில்லை. அப்பெண்கள் திருப்பி அளிக்கப்பட்டதும் அது தானாகவே தன் தீவுக்குத் திரும்புகின்றது. கவர்ந்ததைத் திருப்பித் தந்தால் பேருரு அடங்கும் என்பதே இக்கதையின் நீதி.

இப்படத்தின் மூலக்கதையை எழுதியவர்கள் ஷின்இச்சிரோ நகாமுரா, தகெஹிகோ ஃபுகுநாகா, யோஷியே ஹோட்டா ஆகிய மூவர். மூவரும் ஜப்பானிய இலக்கியத்தில் மதிப்புற்றவர்கள். இவர்களுள் ஹோட்டா 1956இல் தில்லியில் நடந்த ஆசிய எழுத்தாளர் மாநாட்டிற்கு வந்தவர். இந்தியாவில் தாம் சிந்தித்தவற்றை 1957இல் தனி நூலாகவே வெளியிட்டார். தீவு மக்களின் உடைமையைக் கவரும் வணிகனையும், அவனுக்குத் துணை நிற்கும் வல்லரசையும் சாடும் கதையில், விடுதலை பெற்ற ஆசிய நாடுகளின் எழுத்தாளரோடு உரையாடிய ஒருவரின் பங்கு இருந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

சேற்றில் பிறந்த பேருரு

தொழில்நிலத்தில் வாழ்வோர் கட்டாயம் அறிய வேண்டிய படம் 1971 சூலையில் வெளியான ‘காட்சில்லாவும் ஹெடோராவும்’ என்பதாகும். யோஷிமித்சு பன்னோ இதனை இயக்கினார். ‘ஹெடோரோ’ என்றால் ஆலைக் கழிவு படிந்த சேறு. விண்ணிலிருந்து வீழ்ந்த சிறு உயிர்ப்பொருள் கடலில் கலந்த ஆலைக் கழிவை உண்டு பெருக்கின்றது. பின் கரையேறிப் புகைபோக்கிகளின் வாயில் தன் வாயை வைத்துப் புகையைக் குடிக்கின்றது. இறுதியில் வானில் பறந்து நச்சுக் காற்றைப் பொழிகின்றது.

இதுவும் வெறுங்கற்பனையன்று. போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் ஜப்பான் வியத்தகு தொழில் வளர்ச்சி கண்டது. அதற்குரிய விலையை எளிய மக்கள் செலுத்தினர். மினமாத்தாவில் ஆலை கடலில் கலந்த பாதரசம் மீன் வழியே மக்களின் நரம்புகளைத் தாக்கியது. அந்நோய் 1956இல் வெளிப்பட்டது. யொக்கைச்சியின் எண்ணெய் வேதியியல் ஆலைகளின் புகையால் ஊரார் மூச்சிரைப்பு நோயுற்றனர். தகோனோவுரா துறைமுகத்தில் தாள் ஆலைகளின் கழிவுச் சேறு குவிந்தது நாடறிந்த செய்தியாயிற்று. மக்களின் எதிர்ப்பு வலுத்தபின் 1970 இறுதியில் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத் தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1972 சூலையில் யொக்கைச்சி நோயாளிகள் ஆலைகளுக்கு எதிரான வழக்கில் வென்றனர். இன்று நாம் போற்றும் ஜப்பானியத் தூய்மையும் ஒழுங்கும் இயல்பாக வாய்த்தவை என எண்ணுதல் தவறு. கேள்வி கேட்ட மீனவரும் தாய்மாரும் வழக்குரைஞரும் கலைஞரும் சேர்ந்து ஈட்டியவை அவை.

பிற்காலப் பேருருப் படங்களும் காலத்தின் காயத்தையே பேசின. 2011 மார்ச் 11இன் ஆழிப்பேரலையையும் ஃபுகுஷிமா அணுஉலைப் பேரிடரையும் அடுத்து, ஹிதேயாகி அன்னோ முதன்மை இயக்குநராக 2016இல் அளித்த ‘ஷின் காட்சில்லா’, பேரிடர் வாசலில் நிற்கையில் கூட்டத்திற்குமேல் கூட்டம் நடத்தும் அரசு எந்திரத்தை எள்ளியது. தகாஷி யமசாக்கியின் ‘காட்சில்லா மைனஸ் ஒன்’ (2023) போரில் உயிர்விடுமாறு ஏவப்பட்டுத் தப்பிவந்த விமானியின் குற்றவுணர்வைப் பேசியது. 2024இல் காட்சி நுட்பத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது.

பேருருக்களைப் பற்றிய நூல்கள்

வெகுமக்கள் கலையைப் புலமையுலகம் புறக்கணிப்பது எங்கும் உள்ள வழக்கம். பேருருப் படங்கள் அவ்வழக்கத்தை மெல்ல வென்றன. முதற்படத்திற்குக் கதை வரைந்த ஷிகெரு கயாமா அதனைச் சிறுவர்க்குரிய புதினமாகவும் எழுதி 1955இல் வெளியிட்டார். அப்புதினமும் அதன் தொடர்ச்சியும் ஜெஃப்ரி ஆங்கில்ஸ் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023இல்தான் மின்னசோட்டாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. ஸ்டீவ் ரைஃபில், எட் கோஜிஷெவ்ஸ்கி இருவரும் எழுதிய இஷிரோ ஹோண்டாவின் வாழ்க்கை வரலாறு 2017இல் வெளியாயிற்று.

வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் சுட்சுயி, காட்சில்லாவின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2004இல் ‘காட்சில்லா ஆன் மை மைண்ட்’ என்னும் நூலை எழுதினார். அவ்வாண்டே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இப்பொருள் பற்றி ஒரு கருத்தரங்கம் கூடியது. அதன் கட்டுரைகள் 2006இல் நூலாயின. ஒரு பல்கலைக்கழகம் ஒரு திரைவிலங்குக்காகக் கருத்தரங்கம் நடத்தியது நகைப்புக்குரியது எனச் சிலர் கருதலாம். ஒரு சமூகம் தன் அச்சத்தை எங்கே பதிந்து வைத்துள்ளது என்று தேடுவது வரலாற்றுப் பணியே. அப்பதிவு கல்வெட்டிலும் கிடைக்கும், திரைச்சுருளிலும் கிடைக்கும்.

பூதமும் பேருருவும்

பேருருக்கள் தமிழுக்குப் புதியன அல்ல. புகார் நகரின் சதுக்கப்பூதத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காட்டுகின்றன. பொய்த்தவ வேடத்தார், பிறர்மனை நயப்போர், அரசனை வஞ்சிக்கும் அமைச்சர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் முதலியோரைத் தன் கயிற்றால் பிணித்து அறைந்து கொல்வது அப்பூதம். அறவோர் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அரபுக் கதைமரபும் இத்தகையதே. ‘ஆயிரத்தோர் இரவுகள்’ கூறும் மீனவன் கதையில், சுலைமான் நபி அவர்களின் முத்திரையிட்ட குடத்தில் அடைபட்ட ஜின், குடம் திறந்ததும் வானளாவ எழுகின்றது. மீனவன் தன் மதியால் அதனை மீண்டும் குடத்தினுள் புகச்செய்கின்றான். குடத்துப் பூதம் தமிழ்த் திரைக்கும் வந்தது. 1967இல் வெளியான ‘பட்டணத்தில் பூதம்’ அதனை நகைச்சுவைத் துணைவனாக்கியது. இவை கற்பனைகள் என்பதையும், நம்பிக்கையின் பாற்பட்டவை அல்ல என்பதையும் கேட்டோர் அறிந்தே சுவைத்தனர்.

இப்பழைய பூதங்களுக்கும் ஜப்பானியப் பேருருவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சதுக்கப்பூதம் குற்றவாளியைத் தெரிந்து பற்றும். கோஜிரா குற்றமற்ற குழந்தையையும் மிதிக்கும். குடத்துப் பூதத்தை மனிதன் படைக்கவில்லை. கோஜிராவை எழுப்பியது மனிதனின் குண்டு. குடத்துப் பூதத்தை மீண்டும் அடைக்கலாம். கதிரியக்கத்தையும் பாதரசத்தையும் மீண்டும் குடத்தில் அடைக்க இயலாது. ஐந்தாம் நிலைக்களனின் கொடுமை இதுவே. இத்தகைய பேருரு எழுந்தபின் அது நல்லோர் தீயோர் எனப் பகுத்துப் பார்ப்பதில்லை. ஆதலால் அது எழுமுன்பே ‘இதனை ஆக்குபவர் யார்? இதன் விலையைச் செலுத்துபவர் யார்?’ என்று கேட்க வேண்டியுள்ளது.

தமிழ்த் திரையின் பறவை

தமிழில் இவ்வகைக்கு மிக அண்மித்த படம் இயக்குநர் ஷங்கரின் ‘2.0’. இரஜினிகாந்தும் அக்‌ஷய் குமாரும் நடித்து 2018 நவம்பர் 29இல் வெளிவந்த இப்படம், அடுத்த ஆண்டு ஜப்பானியத் திரையரங்குகளுக்கும் சென்றது. மக்களின் கைகளிலிருந்து கைப்பேசிகள் பறந்து சென்று ஒன்றுகூடி மாபெரும் பறவையாகிச் சென்னையைத் தாக்குகின்றன. கைப்பேசி அலைகளால் பறவைகள் மடிவதைத் தடுக்க முயன்று தோற்று, அலைக்கோபுரத்தில் தூக்கிட்டுக்கொண்ட பட்சிராஜன் என்னும் முதிய பறவையியலாளரின் சினமே அப்பறவையின் உயிர். அவருடைய தோற்றமும் வாழ்வும் அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டுவதாகப் பலரும் எழுதினர்.

இப்பறவை பாதி சதுக்கப்பூதம், பாதி கோஜிரா. முதலில் அது கைப்பேசி வணிகர், கோபுர முதலாளி, துறை அமைச்சர் எனக் குற்றவாளிகளைத் தேர்ந்து கொல்கின்றது. பின்னர் கைப்பேசி வைத்திருந்த அனைவர்மீதும் பாய்கின்றது. பழைய அறமும் புதிய அச்சமும் ஒரே உருவில் மோதுவது இப்படத்தின் சிறப்பு எனலாம்.

ஆனால் அது சுமத்தும் குற்றத்திற்குப் போதிய சான்று உண்டா? கைப்பேசி அலைகளே பறவைகள் குறையக் காரணம் என்பது அறிவியலால் நிறுவப்படவில்லை. கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு இதனைச் சுட்டித் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் பெரிதும் குறையவில்லை என்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறிற்று. கோஜிராவின் உடலும் நெருப்பும் கற்பனை. ஆயினும் அது சுட்டிய குண்டும் சாம்பலும் மீனவர் மரணமும் மெய். ‘2.0’ காட்டும் பறவையோ கற்பனை. அது சுட்டும் காரணமும் ஐயத்திற்குரியது.

இங்கே உண்மையான சாலிம் அலியை (1896–1987) நாம் நினைவுகூர வேண்டும். அவர் பழிவாங்கப் புறப்பட்டவரல்லர். காடு மேடெல்லாம் நடந்து, கண்டதைக் கண்டவாறே குறித்து, 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை அளித்தவர். அவர் பெயரால் கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் பறவையியல் மையம் ஒன்று 1990இல் நிறுவப்பட்டது. காரணத்தைக் கண்டறிய அவர் காட்டிய வழி பொறுமையான பதிவு ஆகும்.

நம் நிலம் கேட்கும் வினா

கைப்பேசிகளால் ஆன பறவையை எண்ணும்போது, அக்கைப்பேசிகள் பிறக்கும் இடம் எது என்னும் வினா ஸ்ரீபெரும்புதூரில் வாழ்வோர்க்கு எழுவது இயல்பு. நோக்கியா நிறுவனம் 2006இல் இங்குக் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. வரி வழக்கில் சிக்கி 2014 நவம்பர் 1ஆம் நாள் அவ்வாலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளைஞர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், வேலையிழந்தனர். பின்னர் வேறு ஆலைகள் எழுந்தன. சுங்குவார்சத்திரத்தில் ஒன்றிணைக்கப்படும் கைப்பேசிகள் இன்று உலகச் சந்தைகளுக்குச் செல்கின்றன.

2021 டிசம்பரில் இப்பகுதிக் கைப்பேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் பலர் விடுதி உணவால் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். நாட்டின் கண் அவர்கள்மேல் திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. திரையில் பறந்த கைப்பேசிகளுள் எதுவும் அவற்றை ஒன்றிணைத்த விரல்களைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால், அது இன்னும் மெய்யான பேருருவாய் இருந்திருக்கும்.

நீரும் அவ்வாறே. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடையும். 2015 டிசம்பர்ப் பெருமழையில் அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. உயிர்கள் பல போயின. அது மனிதரால் விளைந்த பேரிடர் என இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2018இல் கூறியது. கோஜிரா கடலிலிருந்து எழுந்தது. ஹெடோரா சேற்றிலிருந்து எழுந்தது. நம் நாட்டில் எழுந்தது ஏரி நீர். அதற்குக் காலும் வாலும் இல்லை. ஆயினும் அது ஐந்தாம் நிலைக்களனைச் சேர்ந்ததே.

இவ்வாறு கூறுவதால் ஆலைகள் வேண்டா என்பது பொருளன்று. வேளாண்மை சுருங்கிய ஊர்களில் அவை அடுப்பெரிய வழிசெய்துள்ளன. நம் மாணவர் பலரின் கல்விக் கட்டணம் அவ்வாலைகளின் ஊதியத்திலிருந்தே வருகின்றது. ஜப்பானியரும் ஆலைகளை மூடிவிடவில்லை. தம் வளர்ச்சியின் நிழலை அவர்கள் கதையாக்கித் தம் குழந்தைகளுக்கே காட்டினர் என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

நிறைவாக

நிலமும் நீரும் உயிர்களும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பது இஸ்லாமியக் கொள்கை. அமானிதத்திற்குக் கணக்கு உண்டு. பேருருக் கதைகளை இக்கண் கொண்டு நோக்கினால், அவை அக்கணக்கைக் கேட்கும் கதைகளாகத் தோன்றும். பிள்ளைகள் இப்படங்களைக் காண்கையில் வீண்பொழுது எனக் கடிந்துகொள்ளும் பெரியோர், ஒருமுறை அவர்களருகே அமர்ந்து ‘இவ்விலங்கை எழுப்பியவர் யார்?’ என்று கேட்பின், அதுவே நல்ல பாடமாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இரு பணிகள் உள்ளன. சதுக்கப்பூதம் முதல் கைப்பேசிப் பறவை வரையுள்ள தமிழ்ப் பேருருக்களை மெய்ப்பாட்டியல் நோக்கில் ஆராய்வது ஒன்று. தம் ஊர் ஏரியின் நீர்வரத்தையும், ஆலைக்குச் செல்லும் தம் அக்கையர், அண்ணன்மாரின் அனுபவங்களையும் சாலிம் அலியைப்போல் கண்டவாறே குறித்துவைப்பது மற்றொன்று. முதலாவது ஆய்வேடாகலாம். இரண்டாவது, நாளை ஒருவர் இந்நிலத்தின் கதையை எழுதும்போது அவர் பொய்யுரைக்காமல் காக்கும்.